எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள்

“இந்தக் கணக்கு அடுத்த வருடமும் உங்களுக்கு வேண்டுமா?” கன்னியாகுமரி மாவட்டம் அழகியமண்டபத்தில் நான் நடத்தும் கணினி மையத்தில், மின்னஞ்சல் முகவரி கேட்கும் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் எதிரே இருப்பவரிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். நீட் தேர்வு விண்ணப்பம் என்றால் கட்டாயம் வேண்டும். வளைகுடா நாட்டு நர்ஸ் உரிமத் தேர்வு என்றால் பல வருடங்களுக்கு வேண்டும். பயோடேட்டா மாதிரி ஒன்றைப் பதிவிறக்கம் செய்வதற்கு என்றால், அந்தத் தளத்தின் பக்கமே இனி திரும்பப் போவதில்லை. ஆனால் மூன்றுக்கும் ஒரே முகவரியைத்தான் கொடுக்கிறோம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

தக்கலை, திங்கள்நகர், கருங்கல் பக்கங்களிலிருந்து நர்சிங் முடித்த பிள்ளைகள் நிறையப் பேர் கடைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் அஞ்சல்பெட்டியைச் சென்ற மழைக்காலத்தில் சேர்ந்து உட்கார்ந்து சுத்தம் செய்தோம். படிக்காத கடிதங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. உடனடிக் கடன், காப்பீடு, வெளிநாட்டுப் படிப்பு, சேலைத் தள்ளுபடி. அவற்றுக்கு நடுவே, ‘விளம்பரங்கள்’ பகுதியில், ஒரு மருத்துவமனையின் நேர்காணல் அழைப்பு இருந்தது. அதில் குறித்திருந்த தேதி போய்விட்டிருந்தது. “இது எப்போது வந்தது அக்கா?” என்று அவள் கேட்டாள். குப்பை சேர்ந்தால் என்ன, படிக்காமல் விட்டால் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும்.

அந்தரங்கம் இன்னொரு பக்கம். ஜவுளிக் கடை ஆப்பிலும், வரன் பார்க்கும் தளத்திலும், மாத்திரை வாங்கும் தளத்திலும் ஒரே முகவரி இருந்தால், விளம்பர நிறுவனங்கள் அதை வைத்தே மூன்றையும் ஒரே ஆளின் பெயரில் சேர்த்துவிட முடியும். ஒரு தளத்திலிருந்து விவரங்கள் கசிந்தால், அதே முகவரியைக் கொண்டு மற்றத் தளங்களின் கதவையும் தட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியரான டிராய் ஹண்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் உங்கள் முகவரியை இட்டால், தெரியவந்த எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று இலவசமாகக் காட்டும். ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதற்கு வழி, முகவரியை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது. ஆயுள் முழுக்க வேண்டியவற்றுக்கு ஒரு நிலையான முகவரி. கொஞ்ச காலம் வேண்டியவற்றுக்கு, நினைத்தால் நிறுத்திவிடக்கூடிய மாற்று முகவரிகள். ஒரே தடவைக்கு, தூக்கிப்போடும் தற்காலிக முகவரி. “மக்களே, எனக்கு எதற்கு மூன்று? ஒன்றின் கடவுச்சொல்லே ஞாபகம் இல்லை” என்று ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்டார். “நீங்கள் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றைத்தான் மாமா, மற்ற இரண்டுக்கும் கடவுச்சொல்லே கிடையாது” என்றேன். உண்மை அதுதான். இரண்டாம் வகையை அமைத்துத் தரும் சேவைக்கு ஒரு முறை பதிவு செய்தால் போதும். ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக எதையும் மனப்பாடம் செய்யவேண்டாம்.

நிலையான முகவரி உங்கள் கையில் இருக்கிறதா?

தற்காலிக முகவரியைப் பற்றி எழுத வந்துவிட்டு இதில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகும் பலருடைய முக்கியமான மின்னஞ்சல் அவர்கள் கையில் இருப்பதில்லை. ஏஜென்ட் தானே ஒரு புது ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லையும் தானே வைத்துக்கொள்கிறார். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ பதிவும், உரிமத் தேர்வை நடத்தும் புரோமெட்ரிக் நிறுவனத்தின் பதிவும் அந்த முகவரியிலேயே நடக்கின்றன. அறிக்கை வருவதும் அங்கேதான். பிறகு ஏஜென்டை மாற்றலாம் என்று நினைத்தால், படித்து எழுதித் தேறிய பிள்ளை தன் அறிக்கைக்காக அவரிடம் கெஞ்சவேண்டியிருக்கிறது. இதில் எனக்கு மிகுந்த கோபம் உண்டு. பணம் கொடுத்தது நீங்கள், உழைத்தது நீங்கள், பெட்டியின் சாவி மட்டும் ஏன் இன்னொருவரிடம்?

ஆகவே ஏஜென்டைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே, உங்கள் போனில், உங்கள் கையால் ஒரு முகவரியை உருவாக்குங்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுங்கள். மீட்பு மின்னஞ்சலாக அண்ணனுடையதையோ அப்பாவுடையதையோ சேருங்கள். அடுத்து, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கினால், ‘பேக்கப் கோடு’ என்று 8 இலக்கம் கொண்ட 10 எண்களைத் தரும். அவற்றைத் தாளில் எழுதி, எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல் இருக்கும் ஃபைலில் வையுங்கள். ரியாத்துக்கோ குவைத்துக்கோ போன பிறகு இந்திய சிம் மேசை இழுப்பறையில் உறங்கும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண் முடக்கப்படலாம், பிறகு வேறொருவருக்கும் போகலாம். அப்போது சரிபார்ப்புக் குறியீடு அந்த எண்ணுக்குப் போனால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. அந்த 10 எண்களில் ஒன்று இருந்தால் நுழையலாம். இன்னொன்று: 2 வருடங்கள் தொடாமல் விட்ட கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள்.

இந்த முகவரியைக் கேட்கத் தகுதி உள்ளவர்கள் சிலர்தான். வங்கி, ஆதார், பாஸ்போர்ட், டிஜிலாக்கர், வருங்கால வைப்பு நிதி, டி.என்.பி.எஸ்.சி., தேர்வு நடத்தும் அமைப்புகள், வேலை தரும் மருத்துவமனை. கடைக்காரர் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் இதைக் கொடுக்காதீர்கள்.

ஒரே தடவைக்கான முகவரி

டென் மினிட் மெயில் என்ற தளத்தைத் திறந்தால், நீங்கள் எதையும் நிரப்பாமலே ஒரு முகவரி திரையில் தயாராக இருக்கும். அதை நகலெடுத்து, கேட்கிற தளத்தில் ஒட்டுங்கள். இந்தப் பக்கத்தை மூடாமல் திரும்பி வந்து பார்த்தால், உறுதிப்படுத்தச் சொல்லும் கடிதம் அங்கேயே வந்து நிற்கும். திறந்து, இணைப்பைத் தொட்டால் வேலை முடிந்தது. 10 நிமிடம் போதாவிட்டால், அங்கேயே உள்ள பொத்தானை அழுத்தி இன்னும் 10 நிமிடம் வாங்கிக்கொள்ளலாம். கெரில்லா மெயிலில் வந்த கடிதம் 1 மணி நேரம் இருக்கும். யாப்மெயிலில் 8 நாள் இருக்கும். 2003-ல் தொடங்கிய மெயிலினேட்டரில் முகவரியை உருவாக்கவும் வேண்டாம். மனதில் தோன்றிய பெயரோடு அவர்கள் தளப் பெயரைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு போய் அந்தப் பெயரைத் தட்டினால் கடிதம் இருக்கும்.

அந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. மெயிலினேட்டரிலும் யாப்மெயிலிலும் உள்ள இலவசப் பெட்டிகளுக்குப் பூட்டு கிடையாது. அதே பெயரைத் தட்டுகிற எவரும் அதே கடிதங்களைப் படிக்கலாம். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்து பெஞ்சில் உறையை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம் அது. ‘செல்வி’ என்று பெயர் கொடுத்தால், உலகத்தில் வேறு யாரோ கொடுத்த ‘செல்வி’யின் கடிதங்களும் உங்கள் கண்ணில் படும், உங்களுடையவை அவர்கள் கண்ணில் படும். அந்தப் பெயரை அறிந்த ஒருவர், நீங்கள் பதிவு செய்த தளத்துக்குப் போய் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால், புதுக் கடவுச்சொல்லுக்கான இணைப்பு அந்தத் திறந்த பெட்டிக்குத்தான் வரும். கணக்கு அவருடையதாகிவிடும். ஆகையால் பணம், சான்றிதழ், மருத்துவம், வேலை, உங்கள் புகைப்படம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தாலும் இந்த வகையைத் தொடவே கூடாது. பெயரை நாமே வைக்கும் சேவையாக இருந்தால், யாரும் ஊகிக்க முடியாதபடி எழுத்தையும் எண்ணையும் கலந்து வையுங்கள்.

பிறகு எதற்குத்தான் இது? பயோடேட்டா மாதிரி, பழைய வினாத்தாள் தொகுப்பு, கன்னியாகுமரி விடுதியில் ஓர் இரவு தங்கும்போது வைஃபை கேட்கும் முகவரி. இவ்வளவுதான். சில தளங்கள் தற்காலிக முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஏற்க மறுக்கும். அங்கே மல்லுக்கட்டாமல் அடுத்த பகுதியில் சொல்லும் வழிக்குப் போய்விடுங்கள். இலவசச் சலுகையைத் திரும்பத் திரும்ப வாங்குவதற்காக இதைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அதை நான் செய்து தருவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்ணப்பங்களில் புகைப்படமும் கையொப்பமும் 50 கேபிக்குள் இருக்கவேண்டும் என்பார்கள். அதற்காகக் கண்ட தளத்தில் கையொப்பத்தையும் மதிப்பெண் பட்டியலையும் ஏற்றி அளவைக் குறைக்கிறார்கள். மின்னஞ்சலை மறைத்துவிட்டு கையொப்பத்தைக் கொடுத்தால் என்ன மறைத்ததாக ஆகும்? போனிலேயே வெட்டிச் சுருக்கலாம், கணினியில் பெயின்ட் செயலியிலேயே அளவை மாற்றலாம். எதுவும் வெளியே போகாது.

நிறுத்தக்கூடிய மாற்று முகவரி

நம் அன்றாடக் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த நடுப் பிரிவில்தான் வரும். ஜவுளிக் கடை, மளிகை ஆப், பஸ் டிக்கெட் தளம், வரன் பார்க்கும் தளம், பயிற்சி மையங்கள். கடிதம் நமக்கு வந்து சேரவேண்டும், ஆனால் நம் உண்மையான முகவரி அவர்களுக்குத் தெரியவேண்டாம், தொந்தரவு மிகுந்தால் வாசலைச் சாத்திவிட முடியவேண்டும்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் அமைத்துத் தருவது, தேடுபொறி நடத்தும் டக்டக்கோ நிறுவனத்தின் மின்னஞ்சல் பாதுகாப்பு. காசு இல்லை, எத்தனை முகவரி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இதையே முதலில் சொல்கிறேன். அவர்களுடைய பிரவுசர் ஆப்பைப் போனில் நிறுவி, செட்டிங்ஸில் ‘இமெயில் புரொடெக்‌ஷன்’ என்பதைத் திறங்கள். ‘டக்.காம்’ என்று முடியும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். கடிதங்களை எங்கே அனுப்பவேண்டும் என்றும் கேட்கும். அங்கே உங்கள் ஜிமெயிலைக் கொடுங்கள். அவ்வளவுதான். இனி அந்த பிரவுசரில் எந்தப் படிவத்திலும் மின்னஞ்சல் கட்டத்தைத் தொட்டால் ஒரு சிறிய வாத்துப் படம் தெரியும். அதை அழுத்தி, தனி முகவரி உருவாக்கு என்பதைத் தேர்ந்தால், பொருளற்ற எழுத்துகளால் ஆன ஒரு முகவரி கட்டத்தில் தானாக விழும். அந்தக் கடைக்கு மட்டும் உரிய முகவரி அது. நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்த பெயரை எந்தப் படிவத்திலும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தளத்துக்கும் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடை கடிதம் அனுப்பினால் அது டக்டக்கோ வழியாக உங்கள் ஜிமெயிலுக்கு வரும். வழியில் ஒரு நல்ல காரியமும் நடக்கும். விளம்பரக் கடிதங்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு படம் ஒன்றை ஒளித்து வைப்பார்கள். நீங்கள் கடிதத்தைத் திறந்த நேரம் அதன் மூலம் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட உளவுத் துணுக்குகளை டக்டக்கோ கண்டவரை அகற்றிவிட்டு, அகற்றியதைக் கடிதத்தின் தலைப்பகுதியிலேயே சொல்லும். அந்த முகவரியை நிறுத்திவிடும் இணைப்பும் அந்தத் தலைப்பகுதி வழியாகவே கிடைக்கும். நிறுத்திவிட்டால் அந்தக் கடையின் கடிதங்கள் வருவது நின்றுவிடும். மற்றக் கடைகளுக்குக் கொடுத்தவை வழக்கம்போல் இயங்கும்.

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, இதே வேலையைச் செய்யும் ரிலே என்ற சேவையை, அந்த பிரவுசரை உருவாக்கிய மொசில்லா தருகிறது; இலவசமாக 5 முகவரி. 2022-ல் புரோட்டான் நிறுவனம் வாங்கிய சிம்பிள்லாகின் என்ற இதே வகைச் சேவையில் இலவசமாக 10. ஐபோன் வைத்திருப்பவர்கள், ‘ஆப்பிள் வழியாக உள்நுழை’ என்று ஒரு தளத்தில் வரும்போது, மின்னஞ்சலை மறை என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பயன், மோசடியைக் காட்டிக்கொடுப்பது. “உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது, உடனே இங்கே தொடவும்” என்று ஒரு கடிதம் வருகிறது. அது எந்த முகவரிக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். துணிக்கடைக்குக் கொடுத்த முகவரிக்கு வந்திருந்தால், வங்கிக்கு அந்த முகவரி எப்படித் தெரியும்? பொய் அங்கேயே உடைந்துவிடுகிறது. வேலை நியமன ஆணை என்று வரும் கடிதங்களையும் இப்படியே பாருங்கள். மருத்துவமனைக்கு நிலையான முகவரியைத்தான் கொடுத்தீர்கள். ஆணை வேறு முகவரிக்கு வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். சரியான முகவரிக்கு வந்திருந்தாலும், பணம் கேட்டால் முதலில் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவைச் சரிபாருங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இந்தச் சேவைகளில் ஒன்று நாளை மூடப்பட்டால் அதன் வழியாக வரும் கடிதங்களும் நின்றுவிடும். வங்கியையும் தேர்வுகளையும் இதில் சேர்க்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

ஜிமெயிலிலேயே உள்ள கூட்டல் குறி

எதையும் நிறுவ விருப்பம் இல்லை என்றால் இதையாவது செய்யுங்கள். உங்கள் ஜிமெயில் பெயருக்குப் பின்னால், @ குறிக்கு முன்னால், ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்க்கலாம். ‘செல்வி123+வரன்@ஜிமெயில்.காம்’ என்று, ஆங்கில எழுத்தில். எந்தப் பதிவும் தேவையில்லை. கடிதம் வழக்கமான பெட்டிக்கே வரும்.

மகளுக்கு வரன் பார்க்கும் ஒருவருக்கு இப்படி ஒரு முகவரியில் பதிவு செய்து கொடுத்தேன். சில வாரங்களில் நகைக்கடன் விளம்பரங்கள் வரத் தொடங்கின. ஜிமெயில் ஆப்பில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் பெறுநர் விவரமும் அம்புக்குறியும் இருக்கும். அதைத் தொட்டுக் காட்டினேன். பெறுநர் முகவரியில் ‘+வரன்’ என்று இருந்தது. கடன்காரர்களுக்கு அந்த முகவரி எந்த வாசல் வழியாகப் போனது என்று அவருக்கே விளங்கிவிட்டது.

அடுத்தது வடிகட்டி. இது ஜிமெயில் ஆப்பில் முடியாது, கணினியில் செய்யவேண்டும். செட்டிங்ஸில் எல்லா அமைப்புகளையும் திறந்து, ‘ஃபில்டர்’ பகுதியில் புதிய ஃபில்டரை உருவாக்கி, பெறுநர் கட்டத்தில் கூட்டல் குறியோடு உள்ள முழு முகவரியையும் இடுங்கள். அடுத்த பக்கத்தில், இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளுக்குப் போகட்டும் என்றோ, அழிந்துபோகட்டும் என்றோ தேர்ந்தெடுக்கலாம். முதலில் லேபிளுக்கு அனுப்புங்கள். சில நாள் பார்த்துவிட்டு, வேண்டியது எதுவும் அதில் வரவில்லை என்று தெரிந்த பிறகு அழிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டல் குறி உங்களை மறைக்காது. குறியையும் சொல்லையும் நீக்கிவிட்டால் உண்மையான முகவரி வெட்டவெளிச்சம். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதும் இல்லை. கடிதங்களைத் தரம் பிரிக்கவும், கசிந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் மட்டுமே இது உதவும்.

போன் எண்ணும் பழைய முகவரியும்

மாற்று முகவரியைக் கொடுத்துவிட்டு, கட்டாயம் இல்லாத இடத்திலும் போன் எண்ணைக் கொடுத்தால் பாதி உழைப்பு வீண். நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாக விடுங்கள். விளம்பர அழைப்புகளை நிறுத்த, 1909-க்கு ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவு செய்யலாம்.

ஏற்கெனவே குப்பை நிறைந்துவிட்ட முகவரியை என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் வங்கி, பாஸ்போர்ட், வைப்பு நிதி, தேர்வுக் கணக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து புதிய நிலையான முகவரிக்கு மாற்றுங்கள். இதை ஒரே உட்காரலில் முடிக்கப் பார்க்காமல், நாளுக்கு ஒன்றிரண்டாகச் செய்து, மாற்றியதை நோட்டில் எழுதிவாருங்கள். பிறகு கடைக் கணக்குகளை மாற்று முகவரிகளுக்கு நகர்த்துங்கள். பெயர் தெரிந்த நிறுவனங்களின் விளம்பரக் கடிதங்களில் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தலாம். ஒரு நாளைக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புகிறவர்கள், விளம்பரக் கடிதங்களில் ஒரே தொடுதலில் விலகும் வசதி தரவேண்டும் என்று 2024-ல் கூகுள் விதி கொண்டுவந்தது. முன்பின் தெரியாதவர்களின் கடிதத்தில் மட்டும் அதை அழுத்தாதீர்கள். அழுத்தினால் இந்தப் பெட்டியில் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு நாமே சொன்னதாகிவிடும். அவற்றை ஸ்பேம் என்று குறித்து ஒதுக்குங்கள்.

பழைய பெட்டியை இன்னும் ஒரு வருடமாவது உயிரோடு வைத்திருங்கள். நோட்டில் இல்லாத ஏதோ ஓர் அலுவலகத்தின் கடிதம் அதில்தான் வந்து இறங்கும். வந்ததும் அங்கேயும் முகவரியை மாற்றிவிட்டு, நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.